பல்லு தெரியாமல் சிரி

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வருடம், ஜாதகத்தோடு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். அக்காவின் பட்டுப்புடவை, பெரியம்மாவின் ஆரம், தலை நிறைய மல்லிகை. விளக்குகளைச் சரிசெய்துவிட்டு போட்டோகிராபர் “கொஞ்சம் சிரிங்கம்மா” என்றார். சிரித்தேன். பக்கத்தில் நின்றிருந்த அம்மா, “பல்லு தெரியாம சிரிடி” என்றாள். உதட்டை மூடினேன். “இப்ப முகம் உம்முன்னு இருக்கே, லேசா சிரிங்க” என்றார் அவர். அரைமணி நேரம் இரண்டு பேரும் மாறிமாறி என் வாயைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தேர்வான படத்தில் நான் சிரிக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் படம்தான் நான்கைந்து வீடுகளுக்குப் போய்வந்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு கல்லூரி வகுப்பொன்றில் டாட்டியானா ஃபஸ்லலிஸாதேயின் சுவரொட்டிகளை மாணவிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது அந்த ஸ்டுடியோ நினைவுக்கு வந்தது. ஃபஸ்லலிஸாதே அமெரிக்க ஓவியர். 1985இல் ஓக்லஹோமா நகரில் பிறந்தவர். அம்மா கறுப்பினத்தவர், அப்பா ஈரானியர். பிலடெல்பியாவில் கலை படித்தார். எண்ணெய் வண்ணத்தில் முகங்களை வரைவதுதான் அவருடைய பயிற்சி. 2012இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு வேலையைத் தொடங்கினார். தெருவில் ஆண்களின் சீண்டலுக்கு ஆளான பெண்களைச் சந்தித்துப் பேசுவார். அவர்களைப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்துக் கறுப்பு வெள்ளையில் முகத்தை வரைவார். அந்தப் பெண் சொன்னவற்றிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக் கீழே எழுதுவார். அச்சடித்துத் தெருச்சுவரில் ஒட்டுவார். பசை, மாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சியது. நம் ஊரில் சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வாளியில் தூக்கிக்கொண்டு போகும் மைதாப் பசையேதான்.

அந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர்: பெண்களைச் சிரிக்கச் சொல்வதை நிறுத்துங்கள்.

அமெரிக்கத் தெருக்களில் இது ஒரு வழக்கமான வசனம். தன்பாட்டுக்கு நடந்துபோகும் பெண்ணைப் பார்த்து முன்பின் தெரியாத ஆண், “சிரியேன் கண்ணு, சிரித்தால் இன்னும் அழகாக இருப்பாய்” என்கிறான். ஃபஸ்லலிஸாதேயின் சுவரொட்டிப் பெண்கள் யாரும் சிரிப்பதில்லை. பெரும்பாலும் தலையும் தோளும் மட்டும் தெரிகின்றன. கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. ஒருத்தி தன் பெயர் ‘பேபி’ இல்லை என்கிறாள். இன்னொருத்தி தன் உடை யாருக்கும் அழைப்பிதழ் இல்லை என்கிறாள். வேறொருத்தி, தன் நேரத்தையோ பேச்சையோ பெண்கள் யாருக்கும் கடன்படவில்லை என்கிறாள்.

வகுப்பில் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இரண்டாம் வருட மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “மேம், அசிங்கமா எதுவும் சொல்லலையே. சிரின்னுதானே சொல்றான். இதுக்குப் போயி போஸ்டர் ஒட்டணுமா? பஸ்ல இடிக்கிறவனுக்கு ஒட்டலாம்.” சிலர் சிரித்தார்கள். அவள் கேலிக்காகக் கேட்கவில்லை. தினமும் ஒன்றேகால் மணிநேரம் பஸ்ஸில் வந்துபோகிறவள். பெரிய தீங்குகள் இத்தனை இருக்கும்போது சின்னதை எதற்குப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்பது அவளுடைய கேள்வி. அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இந்தக் கட்டுரை அதைத் திருத்திச் சொல்லும் முயற்சி.

அமெரிக்கத் தத்துவவாதி மேரிலின் ஃப்ரை, 1983இல் வெளியான தன் நூலில் ஒடுக்குமுறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் ஒரு பறவைக்கூண்டு வருகிறது. கூண்டின் ஒரு கம்பியை மட்டும் உற்றுப்பார்த்தால், இந்த ஒற்றைக் கம்பி எப்படிப் பறவையைத் தடுக்கிறது, சுற்றிக்கொண்டு பறந்துபோகலாமே என்றுதான் தோன்றும். அடுத்த கம்பியைத் தனியாகப் பார்த்தாலும் அப்படியேதான். சற்றுத் தள்ளிநின்று பார்த்தால்தான் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எல்லாப் பக்கமும் அடைத்திருப்பது தெரியும். மாணவியின் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. ‘சிரி’ என்பது ஒரு கம்பி. பஸ்ஸில் இடிப்பது பக்கத்துக் கம்பி. தெருவில் ஒரு பெண்ணின் முகம் தனக்காகத் திறந்துவைக்கப்பட்டிருக்கிறது என்று நினைப்பவனும், பஸ்ஸில் அவள் உடம்பு தனக்காக நிற்கிறது என்று நினைப்பவனும் ஒரே நம்பிக்கையிலிருந்துதான் கிளம்புகிறார்கள். துணிச்சலில்தான் வித்தியாசம்.

ஆனால் இந்தப் பதிலில் ஒரு சிக்கல் உண்டு. சின்னத் தவறு பெரிய தவறுக்கு வழிவிடுகிறது, அதனால்தான் தவறு என்று சொன்னால், சின்னது தன்னளவில் தவறே இல்லை என்றாகிவிடும். மாணவி கேட்டது அதைத்தான். வெறும் ‘சிரி’யில் என்ன தவறு?

ஃப்ரையே அதே கட்டுரையில் சிரிப்பைப் பற்றியும் பேசுகிறார். ஒடுக்கப்பட்டவர்கள் சிரித்த முகத்தோடும் உற்சாகத்தோடும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. சிரித்தால், தன் நிலைமைக்கு உடன்பட்டவள் என்று பொருள். சிரிக்காவிட்டால் கசப்பானவள், கோபக்காரி, பழகத் தகாதவள். இரண்டு பக்கமும் கம்பி.

நம் ஊருக்கு வந்தால் இந்தக் கம்பி வேறு திசையில் வளைந்திருக்கிறது. “பொம்பள சிரிச்சா போச்சு, பொகயில விரிச்சா போச்சு” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் வழுக்கி விழுந்தபோது திரௌபதி சிரித்தாள், அதனால்தான் பாரதப் போரே வந்தது என்று நம் கதைசொல்லிகள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். சூதாடி மனைவியைத் தோற்றவன், சபையில் சேலையைப் பிடித்து இழுத்தவன், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் அந்த ஒரு சிரிப்பின் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்திருக்கிறது. புரூக்ளினில் ‘சிரி’ என்கிறான். இங்கே ‘சிரிக்காதே’ என்கிறார்கள். எதிரெதிரான கட்டளைகளாகத் தெரிகின்றன. ஆனால் அந்த ஸ்டுடியோவில் இரண்டும் ஒரே முகத்தின் மேல், ஒரே அரைமணி நேரத்தில் விழுந்தன. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது சிரிப்பைப் பற்றிய கருத்து இல்லை. என் வாய் என்ன செய்யவேண்டும் என்பதை என்னைத் தவிர மற்றவர்கள் முடிவுசெய்யலாம் என்ற துணிவுதான்.

கையைத் தூக்கு, காலை நகர்த்து என்று ஒருவன் தெருவில் கட்டளையிட்டால் நாம் திரும்பி “நீ யார்?” என்று கேட்போம். முகம் கை காலைவிட இன்னும் நெருக்கமானது. சிரிப்பு உள்ளே இருக்கும் ஒன்றுக்குச் சாட்சி. நான் சந்தோஷமாக இருக்கிறேன், உன்னைக் கண்டு எனக்குப் பயமில்லை, உன்னோடு எனக்குச் சம்மதம் என்று ஏதோ ஒன்றை அது சொல்கிறது. ‘சிரி’ என்று கேட்பவன் இந்தச் சாட்சியை, அது உண்மையாக இல்லாதபோதும் கேட்கிறான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிற நாளில், வேலை போன நாளில், வெறுமனே கணக்குப் போட்டுக்கொண்டு நடக்கிற நாளில், ‘எனக்காக ஒரு பொய் சொல்லு’ என்று கேட்கிறான். இதுதான் அந்தச் சின்னச் சொல்லின் சொந்தத் தவறு என்று நினைக்கிறேன். அது பெரிய தீங்குக்கு வழிவிட்டாலும் விடாவிட்டாலும் தவறுதான்.

இந்தப் பொய்யைச் சம்பளத்துக்குச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட், டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதிய நூலில் இதை உணர்ச்சி உழைப்பு என்று அழைத்தார். சிரிப்பு வேலையின் ஒரு பகுதியாகக் கற்றுக்கொடுக்கப்படுகிறது. வேலை முடிந்தபிறகும் அந்தச் சிரிப்பைக் கழற்றிவைக்க முடியாமல் போகிறது. தன் சொந்த உணர்ச்சி எது என்பதே பிடிபடாமல் போகும் நிலைமைகூட வருகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு சிரிப்பதற்கே இத்தனை விலை. தெருவில் கேட்கப்படும் சிரிப்புக்குச் சம்பளமும் கிடையாது, ஷிப்ட் முடிவதும் கிடையாது. ஷுலமித் ஃபயர்ஸ்டோன் 1970லேயே, தன் இருபத்தைந்தாவது வயதில் எழுதிய நூலில், பெண்விடுதலை இயக்கத்துக்காகத் தான் கனவு காணும் போராட்டம் ஒரு சிரிப்பு மறுப்புதான் என்றார். அடுத்தவரை மகிழ்விக்கச் சிரிப்பதை எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடவேண்டுமாம். படித்தபோது வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒருநாள் அலுவலகத்தில் எத்தனை முறை அப்படிச் சிரிக்கிறேன் என்று எண்ணிப்பார்த்தேன். மதியத்துக்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சரி, அவன் அன்பாகத்தானே கேட்டான்? இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது: சிரிக்காமல் போய்ப்பார்க்கவேண்டும். உண்மையான வேண்டுகோள் மறுப்பைத் தாங்கிக்கொள்ளும். ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ என்று கேட்டவரிடம் முடியாது என்றால் அவர் வருத்தப்படலாம், அத்தோடு முடிந்தது. ‘சிரி’ என்றவனிடம் சிரிக்காமல் நடந்தால் அடுத்து வருவது பலசமயம் வசைச்சொல். ஒரு நொடிக்கு முன் ‘கண்ணு’ என்று அழைக்கப்பட்டவள் இப்போது திமிர் பிடித்தவள், அசிங்கமானவள், இன்னும் அச்சில் ஏற்ற முடியாத பலதும். மறுத்தால் தண்டனை உண்டு என்றால் அது வேண்டுகோளே இல்லை. கேட்கும்போது இருந்த இனிப்பை வைத்து அதை எடைபோடக் கூடாது.

ஃபஸ்லலிஸாதே வரையும் முகங்களில் பல கறுப்பினப் பெண்களின் முகங்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணின் சிரிப்புக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. அடிமைமுறை ஒழிந்தபிறகும் வெள்ளையர் வீட்டுச் சமையலறையில் தலையில் துணி கட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் பருத்த பெண்ணாகவே அவளை விளம்பரங்கள் காட்டின. ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற தோசைமாவு போன்றதொரு பேன்கேக் மாவு 1889 முதல் அந்த முகத்தை வைத்தே விற்றது. அந்தப் பெயர் மாற 2021 ஆகவேண்டியிருந்தது. அங்கே ‘பல்லு தெரியாம’ என்ற நிபந்தனை கிடையாது, பல்தான் விற்பனைப் பொருள். 1972இல் பெட்டி சார் என்ற கறுப்பினக் கலைஞர் அந்தப் பொம்மையை எடுத்து, ஒரு கையில் துடைப்பத்தையும் மறுகையில் துப்பாக்கியையும் கொடுத்து, ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை என்று ஒரு கலைப்பொருள் செய்தார். பெட்டி சாரின் பொம்மை சிரித்துக்கொண்டே ஆயுதம் ஏந்துகிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து ஃபஸ்லலிஸாதேயின் பெண்கள் கையில் எதுவும் இல்லை, சிரிப்பும் இல்லை. இரண்டில் எது கூடுதல் கோபம் கொண்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தப் படங்கள் ஏன் தெருவில் இருக்கவேண்டும்? தவறு நடந்த இடம் தெரு என்பதுதான் நேரான காரணம். ஓவியக்கூடத்துக்கு வருகிறவர்கள் பார்க்கத் தயாராக வருகிறவர்கள். தெருமுனையில் நின்று விசில் அடிக்கிறவன் ஓவியக்கூடத்துக்கு வரமாட்டான். இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. நகரத்தின் சுவர்களில் பெண்முகங்களுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. பற்பசை, உள்ளாடை, நகைக்கடை, வங்கிக்கடன் என்று எங்கு பார்த்தாலும் பெண்முகம். எல்லாம் சிரித்தமுகம். அவை வாடகை கட்டிச் சட்டப்படி நிற்கின்றன. அத்தனை முகங்களுக்கும் நடுவே காசு கட்டாமல், அனுமதி வாங்காமல் ஒட்டப்பட்ட ஒரு முகம் சிரிக்காமல் இருக்கிறது. ‘சிரி’ என்று கேட்கும் ஆணுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததில் விளம்பரப் பலகைகளுக்கும் பங்குண்டு. அவன் வாழ்நாள் முழுக்கப் பார்த்த பெரிய பெண்முகங்கள் எல்லாமே அவனைப் பார்த்துச் சிரித்தவை.

இந்தச் சுவரொட்டிகளில் நான் முதலில் கவனிக்காமல் விட்ட ஒன்றுண்டு. அவற்றில் ஆணே இல்லை. சீண்டல் பற்றிய படங்களில் வழக்கமாக ஒரு வில்லன் இருப்பான். இங்கே அந்த இடம் காலி. சுவரின் முன்னால் நின்று யார் படிக்கிறார்களோ அவர்தான் அந்த இடத்தில் நிற்கிறார். பேராசிரியராகவும் இருக்கலாம், லாரி ஓட்டுநராகவும் இருக்கலாம், போலீஸ்காரராகவும் இருக்கலாம்.

இது ஏன் முக்கியம் என்பது 2014இல் எனக்குப் புரிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு காணொளி உலகம் முழுக்கப் பரவியது. நியூயார்க் தெருக்களில் ஒரு பெண் பத்து மணிநேரம் பேசாமல் நடக்கிறாள். முன்னால் மறைத்துவைத்த கேமரா, வழியில் அவளிடம் வம்பு பேசும் ஆண்களைப் பதிவுசெய்கிறது. நூறுக்கும் மேற்பட்ட சீண்டல்கள் என்று எழுத்தில் காட்டினார்கள். நானும் கோபத்தோடு அதை நண்பர்களுக்கு அனுப்பினேன். இரண்டொரு நாளில் வேறொரு கேள்வி எழுந்தது: திரையில் தெரிகிறவர்களில் பெரும்பாலோர் ஏன் கறுப்பின, லத்தீன் ஆண்கள்? வெள்ளை ஆண்கள் எங்கே போனார்கள்? நடக்கிற பெண் வெள்ளைத் தோற்றம் கொண்டவள். படத்தொகுப்பில் என்ன நடந்திருந்தாலும், பார்த்து முடித்தவர்கள் மனதில் தங்கியது பழைய சித்திரம்தான். வெள்ளைப் பெண்ணைத் தொடரும் கறுப்பு ஆண்.

அந்தச் சித்திரத்துக்குப் பலியானவர்கள் உண்டு. 1955இல் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன், ஒரு வெள்ளைப் பெண்ணைப் பார்த்து விசிலடித்தான் என்று சொல்லிக் கடத்தப்பட்டு, சித்திரவதை செய்து கொல்லப்பட்டான். கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது. பிறகு அவர்களே பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ‘விசிலடித்தான்’ என்ற சொல்லுக்கு அந்த நாட்டில் இப்படியொரு பின்கதை இருக்கிறது. கறுப்பினத் தெருவொன்றில், தன்னைச் சீண்டுகிறவர்களில் தன் இனத்து ஆண்களும் இருக்கும்போது, கறுப்பினப் பெண் ஒருத்தி எப்படிக் குரல் கொடுப்பது? பேசாமல் இருந்தால் அவள் உடம்பு தினமும் விலை கொடுக்கிறது. பேசினால், ‘பார்த்தாயா, நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்று சொல்லக் காத்திருக்கும் ஒரு கூட்டத்துக்கும் போலீஸுக்கும் கையில் சாட்சி கிடைக்கிறது. ‘நம் வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே’ என்று சொந்தச் சமூகத்தின் குரல் ஒருபக்கம். நம்மிலும் தலித் பெண்கள், இஸ்லாமியப் பெண்கள் இந்த இக்கட்டை நன்றாக அறிவார்கள். அவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஃபஸ்லலிஸாதேயின் வேலை இந்த இக்கட்டைத் தீர்த்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் செய்த இரண்டு தேர்வுகளை மதிக்கிறேன். ஒன்று, ஏற்கெனவே சொன்னேன், குற்றவாளிக்கு அவர் முகம் வரையவில்லை. முகம் இல்லாதபோது நிறமும் இல்லை. இரண்டு, அந்தச் சுவரொட்டியில் போலீஸ் எண் இல்லை, சட்டப்பிரிவு இல்லை, இத்தனை டாலர் அபராதம் என்ற மிரட்டல் இல்லை. தெருவில் நிற்கிறவனோடு அது நேராகப் பேசுகிறது. இங்கே 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் உயிர் போனபிறகு ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் வந்தது. ‘டீசிங்’ என்ற அந்தச் சொல்லே எவ்வளவு செல்லமானது! யாரோ ஏவாளைச் சும்மா கிண்டல் செய்ததுபோல. அந்தச் சொல் பின்னால் சட்டத்தின் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. பேருந்து நிறுத்தத்தில் மட்டும் அதே சொல்தான். சட்டம் தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. அந்த மாணவியின் வீட்டாரிடம் போய் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் வருவது தவறு பெரிதானபிறகு. ‘சிரி’ என்கிற அளவில் இருக்கும்போது அதை எதிர்கொள்ளச் சட்டத்திடம் ஒன்றும் கிடையாது. அந்த இடத்தில்தான் ஒரு பெண்ணின் முகமும் ஒரு வாக்கியமும் வேலை செய்கின்றன.

எனக்கு உறுத்தலும் உண்டு. ‘நிறுத்துங்கள்’ என்பதும் கட்டளைதானே? ‘சிரி’ என்ற கட்டளையை எதிர்க்க இன்னொரு கட்டளையா? ஒரு தோழி இதைக் கேட்டாள். நான் யோசித்தவரை இரண்டும் ஒன்றில்லை. ‘சிரி’ என்பது என் முகத்துக்குள் வருகிறது. ‘நிறுத்து’ என்பது அவனை வெளியே போகச் சொல்கிறது, அவன் முகத்தை அவனிடமே விட்டுவிடுகிறது. அவன் சுவரொட்டியைப் பார்த்து முறைக்கலாம், சிரிக்கலாம், துப்பலாம். சிலர் அதைத்தான் செய்தார்கள். அந்தச் சுவரொட்டிகள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. மேலே பதில் எழுதியிருக்கிறார்கள், அவற்றில் வசைகளும் உண்டு. ஃபஸ்லலிஸாதே அப்படிச் சிதைக்கப்பட்ட சுவரொட்டிகளையும் புகைப்படம் எடுத்துப் பொதுவில் வைத்தார். காகிதத்தில் இருக்கும் பெண்ணின் வாக்கியத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடியாத கை ஒன்று இருக்கிறது என்பதற்கு அந்தக் கிழிசலைவிட நல்ல சாட்சி எது? ஒரு பெண் தெருவில் சொல்லியிருந்தால் அவள் பின்னாலேயே போயிருப்பான். காகிதத்தின் பின்னால் போக முடியாது.

ஆனாலும் அது ஒரு உண்மையான பெண்ணின் முகம். ஓவியருக்கு உட்கார்ந்து தன் கதையைச் சொன்னவள், அடுத்தநாள் அதே தெருவில் நடந்துவரும்போது தன் கன்னத்தின் மேல் வசைச்சொல் எழுதியிருப்பதைப் பார்க்க நேரலாம். அவள் சம்மதித்துத்தான் கொடுத்தாள். ஆனால் இதற்கும் சேர்த்தா சம்மதித்தாள்? தெருவில் வைக்கப்பட்ட கலை கலைஞரைவிட அதில் இருப்பவரை அதிகம் வெளிக்காட்டிவிடுகிறது. இந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியைப் பெண்ணியக் கலையைக் கொண்டாடும்போது நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். நானும் பலமுறை தாண்டியிருக்கிறேன்.

இந்த வேலை புரூக்ளினோடு நிற்கவில்லை. 2013இல் மக்களிடம் நிதி திரட்டி வேறு அமெரிக்க நகரங்களுக்குப் போனார். பிறகு மெக்சிகோ நகரத்தில் அங்குள்ள பெண்களிடம் பேசி, ஸ்பானிய மொழியில் சுவரொட்டிகள் செய்தார். ஒவ்வோர் ஊரிலும் பேச்சைக் கேட்ட பிறகே வரைந்தார். தயாராக வைத்திருந்த வாக்கியத்தை ஊர் ஊராக ஒட்டிக்கொண்டு போகவில்லை. இதைத்தான் அவருடைய வேலையின் உயிர்நாடி என்று நினைக்கிறேன், ஓவியத் திறமைகூட இதற்கு அடுத்ததுதான். 2017இல் ஸ்பைக் லீ தன் 1986ஆம் ஆண்டுப் படத்தை நெட்ஃபிளிக்ஸ் தொடராக எடுத்தபோது, அதன் நாயகியான ஓவியை நோலா டார்லிங்கின் ஓவியங்களை வரைந்தவர் ஃபஸ்லலிஸாதேதான். தெருவில் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தபிறகு நோலாவும் சுவரொட்டி ஒட்டக் கிளம்புகிறாள். அடுத்து நியூயார்க் நகரத்தின் மனித உரிமை ஆணையம் அவரைத் தன் பொதுக்கலைஞராக அமர்த்தியது. 2020இல் அவருடைய நூல் வந்தது. அனுமதியில்லாமல் ஒட்டுவது குற்றம் என்று சொல்லும் ஒரு நகரம், ஒட்டியவரையே அழைத்து வேலை கொடுக்கிறது. இதில் கோபம் நீர்த்துப்போகாதா என்று சிலர் கேட்கலாம். எனக்கு அப்படிப்பட்ட தூய்மைவாதம் பிடிப்பதில்லை. பெண்கள் வறுமையிலேயே இருந்து போராடவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவிதத்தில் ‘சிரி’ போன்றதுதான். ஒரே ஒரு வருத்தம்: தொடரில் அந்தச் சுவரொட்டியைப் பார்க்கிறவர்கள் நோலாவைப் பார்க்கிறார்கள். புரூக்ளின் சுவரில் இருந்தவளுக்குப் பின்னால் கதையின் நாயகி என்று யாரும் இல்லை.

இத்தனையும் சேர்த்து அடுத்த வாரம் வகுப்பில் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவி முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. “கம்பி விஷயம் சரி மேம். ஆனா எனக்கு இன்னும் இடிக்கிறவன்தான் மொதல்ல” என்றாள். வரிசையைத் தீர்மானிக்கவேண்டியவள் அவள்தான், நான் இல்லை. பிறகு எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து, உங்கள் முகத்தை வரைந்தால் கீழே என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். பெயர் போடவேண்டாம் என்றேன். பல தாள்களில் எதிர்பார்த்தவை இருந்தன: என்னைப் பார்க்காதே, பின்னால் வராதே, போட்டோ எடுக்காதே. ஒன்றில், அப்பா, நான் போனில் பேசினது கீர்த்தனாகிட்டதான் என்று இருந்தது. மூன்று பேர் எதுவும் எழுதவில்லை. ஒரு தாளில், நான் யோசிச்சிட்டிருக்கேன் என்று மட்டும் இருந்தது. கையெழுத்தை வைத்து யாருடையது என்று ஊகித்தேன். ஒன்றேகால் மணிநேரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருகிறவளின் முகம் உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அந்த இரண்டு சொற்களும் சொல்லிவிட்டன.

இதையெல்லாம் பெரிதாக்கி ஒட்டலாமே என்று கிளம்பினார்கள். எங்கே ஒட்டுவது என்பதில்தான் வந்து நின்றது. கல்லூரிச் சுவர் என்றால் நிர்வாகத்திடம் கடிதம் கொடுக்கவேண்டும், வாசகங்களைக் காட்டவேண்டும். அப்பாவுக்கு எழுதியதை அவர்கள் விடமாட்டார்கள். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959இலேயே இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நான் நினைவூட்டினேன். அதற்கு ஒருத்தி, “அப்ப பஸ் ஸ்டாப் சுவத்துல இருக்கறதெல்லாம் என்ன மேம்?” என்றாள். மாலையில் நாலைந்து பேராகப் போய்ப் பார்த்தோம். நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த நீளமான சுவரில் வெள்ளையடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு கட்சி தன் பெயரை எழுதி, அடுத்த தேர்தலுக்கு முன்பதிவு செய்து வைத்திருந்தது. சுவர் தாண்டி நகைக்கடைப் பலகையில் ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். “பல்லு தெரியுது மேம்” என்றாள் அந்த மாணவி.